வளைகாப்பும் லண்டன் முருங்கைக்காயும்

எங்கள் ஷெட்டில் யாராவது கண்ணாடி என்று சொன்னாலே எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அளவுக்கு நான் எல்லோரையும் படுத்தி வைத்திருந்தேன்.

தென்காசியிலிருந்து கடையநல்லூர் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த பேக்கிங் ஷெட். விவசாயிகள் கொண்டுவரும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் அங்கே தரம் பிரிக்கப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டு, சாயங்காலம் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து வளைகுடாவுக்கு. தரத்துக்கு நான்தான் பொறுப்பு. வேதியியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். முன்கோபம் யாரிடமும் வாங்காமலே வந்தது.

முதலாளி கடையநல்லூர்க்காரர். துபாயில் பல வருடம் காய்கறிக் கடையில் நின்று, ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடக் கூடியவர். அவருக்கு ஒரே ஒரு ஆசை, லண்டன். அங்கே இருக்கும் நம் ஆட்களின் கடைகளில் எங்கள் முருங்கைக்காய் தொங்க வேண்டும். ஒரு முறை அனுப்பியும் பார்த்தோம். இறங்கிய இடத்திலேயே மாதிரி எடுத்து, பூச்சிமருந்து அளவுக்கு மீறி இருக்கிறது என்று சொல்லி, மொத்தத்தையும் அங்கேயே அழித்துவிட்டார்கள். காய் திரும்பிக்கூட வரவில்லை. நான் சோதனைச் சாலைக்காரர்களைத்தான் திட்டினேன். எங்கள் விவசாயிகள் மருந்து அடிக்கும் நாளை எழுதி வைக்கும் நோட்டுகள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. காய் பறிப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நோட்டில் எல்லோரும் பதினாறாவது நாள்தான் பறித்திருந்தார்கள்.

எங்களிடம் காய் கேட்டிருந்த லண்டன் கடைக்காரர் கடைசியில் ஒரு வழி சொன்னார். ஷெட்டுக்கு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குங்கள், வாங்கினால் பேசுவோம், இல்லாவிட்டால் பேச வேண்டாம். அன்றிலிருந்து எனக்குச் சாமி வந்துவிட்டது என்று ஷெட்டில் சொல்வார்கள்.

தலைக்கு வலைத்தொப்பி போட வைத்தேன். பூ வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்றேன். ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றச் சொன்னபோது பெரிய கலவரமே நடந்தது. நெற்றியில் பச்சை குத்தியிருந்த ஓர் அக்கா மட்டும், எங்கே இதைக் கழற்று பார்ப்போம் என்பது போல் என்னைக் கடந்து ராணி மாதிரி உள்ளே போனாள். கண்ணாடிக்குத் தனிப் பதிவேடு போட்டேன். டியூப் லைட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை எடுத்தாயிற்று. முதலாளி மாட்டியிருந்த மக்கா படமும், பெண்கள் மாட்டியிருந்த முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் கண்ணாடிச் சட்டத்திலிருந்து இறங்கி ஒரே நாளில் ஒரே கடையில் லேமினேஷன் ஆனார்கள். உடைந்தால் சில்லு பெட்டிக்குள் போய்விடும் என்பதால் கண்ணாடி வளையலுக்கு அறவே தடை. ஷெட் வாசலில் வரிசையாக ஆணி அடித்து, காலையில் வளையல்களைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று செய்தேன். 'யாராக இருந்தாலும் கண்ணாடி வளையலுக்கு அனுமதி இல்லை' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். 'யாராக இருந்தாலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

சான்றிதழ் கொடுப்பவர்கள் தணிக்கைக்கு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராயகிரியில் ஒரு வளைகாப்பு.

வளைகாப்பு எங்கள் முதல் மேஜையில் காய் பிரிக்கும் பெண்ணுக்கு. ஷெட்டிலேயே கை வேகமும் கண் கூர்மையும் அவளுக்குத்தான். கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். புகுந்த வீடு ராயகிரி என்றாலும், ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அம்மா வீட்டிலிருந்துதான் வேலைக்கு வருவாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து நின்ற பிள்ளை. நாங்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்துப் போனோம். புளியோதரை, தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம் என்று ஒரு பிடி பிடித்தோம். ஒவ்வொருத்தியாகப் போய்க் கன்னத்தில் சந்தனம் பூசி, கையில் வளையல் போட்டுவிட்டோம். நானும் போட்டேன். தென்காசித் தேரடிப் பக்கம் கடை கடையாக ஏறி, பச்சையில் பொன் புள்ளி வைத்ததாகப் பார்த்து வாங்கியிருந்தேன். பிள்ளை பிறக்கிற வரைக்கும் இதைக் கழற்றக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லவும் செய்தேன். வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு டஜன் வளையல் கொடுத்தார்கள். வேனில் திரும்பி வரும்போது இருபது பேர் கையும் குலுங்கியது. ஒருத்திக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பதிவேடு போட்டவளுக்கே உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில்தான் உறைத்தது. எல்லோரும் வாசலில் நின்று புது வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டினோம். அவள் மட்டும் இரண்டு கை நிறைய வளையலோடு என் நோட்டீஸுக்குக் கீழே நின்றாள். அந்தப் பச்சை வளையல் மூன்றாவதாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் பெரிதாகக் கிடையாது. ஆனால் ஆறு வருடம் காத்திருந்தவளிடம் போய் அதைச் சொல்ல நான் யார்? மருந்துக்கடையிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கிவரச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு கையையும் சுற்றினோம். மேலே நீளக் கையுறை. மரத்திலிருந்து விழுந்து இரண்டு கையும் முறிந்தவள் போல மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. மேஜை விளிம்பில் கை இடித்து, துணிக்குள்ளே ஏதோ நொறுங்கியது.

விதிப்படி மேஜையை நிறுத்தினேன். அந்த மேஜையில் இருந்த காய் முழுவதையும் கழிவுக் குழியில் கொட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னபோது என் குரல் ஏறியிருந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியாத கோபம். அவள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். வளையல் உடைந்ததால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம் அவளுக்கு. பச்சை குத்திய அக்காதான் வந்து, "ஏட்டி, உனக்குப் பட்ட கண்ணெல்லாம் அதுமேல எறங்கிட்டு. அழாத" என்று சொல்லி அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்தாள். ஷெட்டுக்குள் என்னை மேடம் என்பாள், வெளியே அக்கா என்பாள். அன்றைக்கு உள்ளேயே அக்கா என்றாள்.

"உள்ள வரலக்கா. வெளிய கேட்டுப் பக்கம் எனக்கு ஒரு வேலை குடுங்க. வேலைய மட்டும் விடச் சொல்லாதீக. வீட்டுல சும்மா உக்காந்தா போனையே பாத்துக்கிட்டு இருப்பேன். அவுக எங்கன நிக்காகளோன்னு நெனச்சி நெனச்சிப் பைத்தியமே பிடிச்சிரும்."

அவள் சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரியும். எங்கள் ஷெட்டில் ஒருத்தி வேலையிலிருந்து நின்றுகொண்டால் மறுநாளே அந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை பெற்றுவிட்டு வந்து கேட்டால் இடம் இருக்காது. இதுவரைக்கும் யாருக்கும் இருந்ததில்லை.

கேட்டுப் பக்கம் ஒரு வேலை இருக்கத்தான் செய்தது. லோடு வரும்போது விவசாயியின் மருந்து நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு உள்ளே விடுகிற வேலை. முதலாளியின் மச்சினர் அதைச் செய்துகொண்டிருந்தார். செய்துகொண்டிருந்தார் என்பதே கொஞ்சம் அதிகம். போனில் வீடியோ ஓட, கண் அதில் இருக்க, கை மட்டும் கையெழுத்துப் போடும். ஷெட்டின் உட்பகுதி தொடங்கும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தோம். கண்ணாடித் தடையெல்லாம் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான். கேட் அதற்கு வெகு வெளியே. முதலாளியிடம் போய்ப் பேசினேன். மச்சினரை ஃபேனுக்குக் கீழே பெட்டி எண்ண வைப்பது என்று முடிவானது. அவருக்கு அதில் பரம சந்தோஷம். முதலாளி என்னிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். இது பிரசவம் வரைக்கும்தான், அதற்கப்புறம் என்னிடம் வந்து நிற்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். இலஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், எங்களுக்கு வெகுநாளாகக் காய் கொடுப்பவர், கோபத்தில் சிவந்து நின்றார். அவள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க மருந்து அடிச்சதா எழுதியிருக்க அன்னைக்கி நாள் பூரா சாரல், அண்ணாச்சி. அஞ்சருவில குளிக்கவே விடல. குடை பிடிச்சிக்கிட்டா மருந்து அடிச்சீக?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சியும் கடைசியில் சிரித்துவிட்டார். மருந்து உண்மையில் எப்போது அடித்தது என்று தணிந்த குரலில் சொன்னார். எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நோட்டு முழுவதும் ஒரே நாளில், ஒரே பேனாவில், வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதப்பட்டது.

எனக்கு முகம் எரிந்தது. அதே நோட்டுகளை இரண்டு வருடமாக நானும்தான் பார்த்து வந்தேன். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மருந்து இருக்கலாம் என்று எனக்கு மனப்பாடம். அன்றைக்கு மழை பெய்ததா என்று நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் விவசாயம் செய்யும் வீட்டில். நோட்டைப் பார்க்கும் முன் வானத்தைப் பார்த்திருந்தாள். லண்டனில் எங்கள் காய் ஏன் அழிந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சோதனைச் சாலைக்காரர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

புதன்கிழமைக்குள் மூன்று லோடு திரும்பிப் போயிற்று. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். சான்றிதழ் வாங்கலாம், ஆனால் பெட்டிக்குள் வைக்கக் காய் வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள், எல்லோருக்கும் பயம் வந்துவிடும் என்றேன். பயம் எனக்குத்தான் முதலில் வந்திருந்தது.

வியாழக்கிழமை தணிக்கையாளர் வந்தார். கொச்சிக்காரர், ஐம்பது வயதிருக்கும். குற்றாலத்தில் நல்ல சீசன் என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தக் குளிர்ச்சி முகத்தில் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தைரியம். கண்ணாடிப் பதிவேட்டைப் புரட்டினார். குழியில் கொட்டிய காய்க்குக் காரணம் கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். லேமினேஷன் செய்த மூன்று படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். பூச்சி பிடிக்கும் விளக்கு தப்பான இடத்தில் இருக்கிறது என்று ஒரு குறை எழுதினார். பிறகு காய் உள்ளே வரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

கேட்டில் அவளைப் பார்த்ததும் அவர் கண் நேராக வளையலுக்குப் போயிற்று. நான் மஞ்சள் கோட்டைக் காட்டி, வளைகாப்பை விளக்கி, நடுவில் தேவையில்லாமல் அந்தப் பச்சை வளையல் நான் போட்டது என்பதையும் உளறினேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அடுத்த லோடு வரட்டும், பார்க்கிறேன் என்றார்.

அடுத்த லோடு ஆட்டோ வந்தது. ஓட்டிவந்தவரை எனக்குத் தெரியும். ராயகிரியிலிருந்து எங்களுக்குக் காய் கொண்டுவரும் அவளுடைய மாமனார்.

அவர் நோட்டைக் கொடுத்தார். மருந்து அடித்துப் பதினெட்டு நாள் என்று எழுதியிருந்தது. ராயகிரிப் பக்கம் சாரல் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் அந்த வகையில் கேள்வி கேட்க முடியாது. நோட்டு சுத்தமாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வீட்டில் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, அவர் தோளில் மருந்தடிக்கும் பம்போடு முருங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, பம்பைக் கொல்லையில் இறக்கிவைத்து, குளித்துவிட்டு வந்துதான் மருமகளுக்குத் திருநீறு பூசினார். வேனில் போன இருபது பேருக்கும் அது தெரியும். கொச்சிக்காரருக்குத் தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள். வெட்கத்தோடு சொல்கிறேன், இந்த ஒரு லோடை மட்டும் விட்டுவிடு என்றுதான் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சான்றிதழுக்காக அல்ல. அவள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். ஆறு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது ஒரு வார்த்தை தப்பாகப் பேசாத மாமனார் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவள் எழுந்து நின்றாள். நோட்டை மூடி இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம காலையில பம்ப எறக்கி வச்சிட்டுத்தான எனக்குத் திருநீறு பூசுனீக. நாலு நாளுதான் ஆவுது. இது வேண்டாம்."

அவர் அவளையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரரையும் பார்த்தார். கோபப்படவில்லை. சரிம்மா என்று சொல்லி வண்டியில் ஏறினார். "பாவூர்சத்திரம் சந்தையில போட்டுட்டுப் போறேன். அங்கன ஒருத்தரும் நோட்டுக் கேக்க மாட்டாக."

"அங்கனயும் வேண்டாம் மாமா" என்றாள் அவள். "அந்தச் சந்தைக் காயத்தான் எங்கம்மா வாங்கி எனக்குக் கொழம்பு வைக்கா."

அவர் கை சாவியிலேயே நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக நான் லண்டன்காரர்கள் வயிற்றுக்காகப் பதிவேடு போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய லோடு எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வாரம் திரும்பிப் போன மூன்று லோடும் சந்தைக்குத்தான் போயிருக்கும். புதன்கிழமை என் வீட்டிலும் முருங்கைக்காய்ச் சாம்பார்தான்.

அவர் வண்டியைத் திருப்பினார். பாவூர்சத்திரம் போகும் பக்கமல்ல, வந்த வழியே ராயகிரிப் பக்கம். அத்தனை காயையும் தோட்டத்திலேயே குழி வெட்டிப் போட்டாராம். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டோம்.

கொச்சிக்காரர் யார் அந்தப் பெரியவர் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அப்புறம் நிறைய எழுதினார்.

சில வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதோடு வந்த அறிக்கையில், காய் உள்ளே வரும் இடத்தில் நடக்கும் சோதனைதான் இந்த ஷெட்டின் பலம், அந்த வேலைக்குப் பயிற்சி உள்ள ஒருவரை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. முதலாளி அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நிரந்தரமாக என்ற இடத்தில் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசித்தேன். அவர் அறிக்கையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். லண்டனுக்கு முதல் லோடு போயிற்று, அழியாமல் கடைக்கும் போயிற்று. படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முதலாளி அதை ஏற்கெனவே பார்த்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மாமனார் மட்டும் அவளோடு பேசவில்லை. வாரங்கள் போயின. அவர் லோடும் வரவில்லை. அவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் ராயகிரிப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும் எழுந்து நின்று பார்ப்பாள். நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம்க்கா, அவுக பேசுவாக என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆவணிக் கடைசியில் அவளுக்கு வலி எடுத்து, தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கேட்டில் மறுபடியும் மச்சினர் வந்து உட்கார்ந்தார், போனோடு. முதலாளி வேறு ஆள் பார்ப்பதாகக் காதில் விழுந்தது. மறுநாள் மத்தியானம் கேட்டில் சத்தம். போய்ப் பார்த்தால் ராயகிரி லோடு ஆட்டோ. மாமனார் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார், மச்சினர் கை நீட்டுகிறார், இவர் கொடுக்கமாட்டேன் என்கிறார்.

என்னைப் பார்த்ததும் என்னிடம் நீட்டினார். "இவரு பாக்காமலே கையெழுத்துப் போடுவாரு. நீங்க பாருங்க."

பார்த்தேன். எழுத்து கோணலாக இருந்தது. பல நிற மை. இரண்டு இடத்தில் அடித்து எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில் மருந்துக் கறையே இருந்தது. இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அவ்வளவு அசிங்கமான ஒரு நோட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஆனால் காயை இறக்கவில்லை. முதலாளியைக் கூப்பிடுங்கள் என்றார். முதலாளி வந்தார்.

"காலையில பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. அவளப் பாத்துப் பேசிட்டுத்தான் வாரேன்" என்றார். "மூணு மாசம் கழிச்சி வருவா. இந்த வேலை அவளுக்கு இருக்குமா, இருக்காதா? அதச் சொல்லுங்க, அப்புறம் காய எறக்குதேன்."

முதலாளி என்னைப் பார்த்தார், மச்சினரைப் பார்த்தார், தார்ப்பாய்க்கு அடியில் தெரிந்த நல்ல நீளமான காய்களைப் பார்த்தார். இருக்கும் என்றார்.

"எழுதித் தாங்க" என்றார் மாமனார், நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து.